தொழில் யோசனையைப் படம் போட்டுச் சொல்ல ஒரே படம் போதுமா?

புதுக்கடை | 04.06.2024, இரவு 9.12

இட்லி மாவு பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் யோசனை. கூடப் பணம் போடும் பங்குதாரரிடமும் வங்கி மேலாளரிடமும் விளக்க வேண்டும். 28 ஸ்லைடு தயார். ஸ்வாட் கட்டம் (பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து), பிசினஸ் மாடல் கேன்வாஸ் (தொழிலை ஒன்பது கட்டத்தில் எழுதும் தாள்), பை சார்ட் எல்லாம் வைத்திருக்கிறேன். பங்குதாரர் ஆறாவது ஸ்லைடிலேயே போனை எடுத்துவிட்டார். முழு யோசனையையும் ஒரே படத்தில் சொல்லிவிடலாம் என்கிறார்கள். அந்த ஒரு படம் எது?

பலகை | 04.06.2024, இரவு 10.40

முழு யோசனைக்கும் ஒரே படம் என்று ஒன்று கிடையாது. ஒரு படம் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் "சரி" அல்லது "வேண்டாம்" என்பார்? அதை முதலில் ஒரு வரியில் கேள்விக்குறியோடு எழுதுங்கள். பேனாவால் கோடு போடுவது அதற்குப் பிறகு.

பங்குதாரருக்கு: மாதம் எத்தனை பாக்கெட் போனால் என் பணம் கரையாது?

வங்கிக்கு: தவணை கட்டியபின் கையில் பணம் நிற்குமா, எந்தக் கட்டத்தில் தட்டுப்பாடு வரும்?

மூன்றாவது ஆளை நீங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. கடைக்காரர். ஒரு பாக்கெட்டுக்கு எனக்கு எவ்வளவு, மிஞ்சிப் புளித்தால் யார் தலையில் விழும் என்பது அவர் கேள்வி.

மூன்று கேள்வி, மூன்று படம். 28 ஸ்லைடு வேண்டாம்.

வைத்திருக்கும் ஸ்லைடுகளைக் கழிக்க ஒரு சோதனை சொல்கிறேன். படத்திலுள்ள கோடு, கட்டம், அம்பு எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுத்தை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது படமே இல்லை, பெட்டிக்குள் போட்ட பட்டியல். ஸ்வாட் கட்டம் இந்தச் சோதனையில் தேறாது. எது எங்கே வெட்டுகிறது, எது எதைவிட நீளம், எதற்குப் பின் எது, எங்கிருந்து எங்கே போகிறது: இவற்றில் ஒன்றையாவது கண்ணால் காட்டினால்தான் படம் போட்டதற்குப் பயன்.

ஒரு பாக்கெட்டின் வரவு செலவையும் மாதச் செலவையும் போடுங்கள். எண் இல்லாமல் மேற்கொண்டு பேச முடியாது.

புதுக்கடை | 05.06.2024, காலை 7.05

ஒரு கிலோ பாக்கெட். எம்ஆர்பி ரூ.60, கடைக்கு ரூ.50. அரிசி உளுந்து 24, பாக்கெட் 3, அரைக்கும் மின்சாரம் 2, டெலிவரி 5. ஆக 34. மாதச் செலவு: வாடகை 12,000, இரண்டு பேர் சம்பளம் 32,000, கடன் தவணை 8,000, வண்டித் தவணை 8,000, பராமரிப்பு 4,000. மொத்தம் 64,000.

பலகை | 05.06.2024, காலை 8.30

இது போதும். பங்குதாரருக்கான படத்தை முதலில் முடிப்போம்.

பள்ளிக்கூட கிராஃப் ஷீட் ஒன்று. கிடை அச்சில் மாதம் அனுப்பும் பாக்கெட், 1 செ.மீ.க்கு 500, 16 செ.மீ.யில் 8,000 வரை. செங்குத்து அச்சில் ரூபாய், 1 செ.மீ.க்கு 20,000, 20 செ.மீ.யில் 4 லட்சம் வரை.

முதல் கோடு: ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் 64,000. உயரம் 3.2 செ.மீ., படுக்கையாக ஒரே நேர்க்கோடு. இரண்டாவது மொத்தச் செலவு. அதே 3.2-ல் தொடங்கி வலது ஓரத்தில் 16.8 செ.மீ.க்கு ஏறும் (64,000 + 8,000 × 34 = 3,36,000). மூன்றாவது வரவு. பூஜ்யத்தில் தொடங்கி 20 செ.மீ.க்குப் போகும். மொத்தச் செலவும் வரவும் வெட்டும் இடம் 4,000 பாக்கெட். ஒரு பாக்கெட்டுக்கு 16 ரூபாய் நிற்கிறது, 64,000-ஐ 16-ஆல் வகுத்தால் அதே எண் வருகிறதா என்று சரிபாருங்கள். நாளைக்கு 134 பாக்கெட்.

மாவு வியாபாரத்துக்கு இந்த 4,000 பொய். திரும்பி வருவது இதில் இல்லை. புளித்துப் பொங்கிய பாக்கெட்டைக் கடைக்காரர் திருப்பித்தான் கொடுப்பார். 100 அனுப்பினால் 6 திரும்பும் என்று வையுங்கள். செலவு 100-க்கும் ஆகிவிட்டது, 3,400. வரவு 94-க்கு மட்டும், 4,700. நிற்பது 1,300, அதாவது அனுப்பும் பாக்கெட்டுக்கு 13 ரூபாய். 64,000-ஐ 13-ஆல் வகுத்தால் 4,923.

ஆறு சதவீதம் திரும்பினால் வெட்டும் புள்ளி ஆறு சதவீதம் தள்ளிப்போகும் என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள். அது 23 சதவீதம் தள்ளிப்போகிறது. திரும்பும் பாக்கெட்டில் போவது 16 ரூபாய் இல்லை, முழு 50 ரூபாய். பங்குதாரர் பார்க்க வேண்டிய படம் இதுதான்.

கணக்கர் | 05.06.2024, மதியம் 1.15

இதை எக்செலில் இரண்டு நிமிடத்தில் போடலாமே, கிராஃப் ஷீட் எதற்கு? இன்னொன்று, 28 ஸ்லைடும் வேண்டாம் என்றால் பை சார்ட்டையுமா தூக்குவது? 60 ரூபாய் எங்கே போகிறது என்பதற்கு அதுதானே பொருத்தம்?

பலகை | 05.06.2024, மாலை 6.50

எக்செலில் போடுங்கள், கணக்கைச் சரிபார்க்க. காட்டும்போது கையால் வரையுங்கள். அச்சிட்ட படத்தை நீட்டினால் எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் கண்ணில் விழும். நீங்கள் முதல் கோட்டைப் பற்றிப் பேசும்போது அவர் கடைசிக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதிரில் வரைந்தால் ஒவ்வொரு கோடும் அதன் முறை வரும்போதுதான் வரும். "வாடகை 12,000 எப்படி, அந்தத் தெருவில் 15,000 ஆச்சே" என்று முதல் கோட்டிலேயே நிறுத்துவார். நிறுத்தட்டும். கோட்டை அவர் கையாலேயே நகர்த்தச் சொல்லுங்கள்.

பை சார்ட் விஷயம். வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் இருவரும் 1984-ல் எந்த வகைப் படத்தில் கண் எவ்வளவு சரியாக அளக்கிறது என்று ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒரே அளவுகோலில் புள்ளி நிற்கும் இடத்தைப் பார்ப்பதுதான் கண்ணுக்கு மிகத் துல்லியம். நீளம், கோணம், பரப்பு எல்லாம் அடுத்தடுத்த படிகள். பை சார்ட்டில் கண் கோணத்தையும் பரப்பையும் அளந்தாக வேண்டும். உங்கள் 5 ரூபாய்த் துண்டுக்கும் 3 ரூபாய்த் துண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கண்ணால் சரியாகச் சொல்ல முடியாது. முப்பரிமாண பை சார்ட் என்றால் முன்பக்கத் துண்டு தடிமனாகத் தெரிந்து கணக்கையே மாற்றிக் காட்டும்.

60 ரூபாய்க்கு இறங்குபடிப் படம் போடுங்கள், ஆங்கிலத்தில் வாட்டர்ஃபால் என்பார்களே, அது. 1 செ.மீ.க்கு 5 ரூபாய். இடது ஓரத்தில் 12 செ.மீ. உயரத்தில் ஒரு தூண், எம்ஆர்பி. அதன் உச்சியிலிருந்து 2 செ.மீ. இறங்கு, அது கடைக்காரர் பங்கு. அது முடிந்த உயரத்திலிருந்து 4.8 செ.மீ., அரிசி உளுந்து. பிறகு டெலிவரி 1.0, பாக்கெட் 0.6, மின்சாரம் 0.4. கடைசியில் தரையைத் தொட்டு நிற்கும் தூண் 3.2 செ.மீ., உங்கள் 16 ரூபாய். ஒவ்வொரு துண்டும் முந்தையது முடிந்த உயரத்தில்தான் தொடங்க வேண்டும். பாதிப் பேர் எல்லாத் தூணையும் தரையிலிருந்தே எழுப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அது சாதாரண தூண் படம், "இதிலிருந்து இது போக மீதி இது" என்ற ஓட்டம் செத்துவிடும்.

வரிசையும் முக்கியம். பெரியதிலிருந்து சிறியது என்று அடுக்காதீர்கள், பேரம் பேச முடியாததை முதலில் வையுங்கள். கடைக்காரர் பங்கு, அரிசி விலை இரண்டும் உங்கள் கையில் இல்லை. டெலிவரியும் பாக்கெட்டும் பின்னால் வந்தால், "இங்கே ஒரு ரூபாய் குறைத்தால் அந்த 3.2 தூண் 3.4 ஆகும்" என்று பக்கத்திலேயே காட்டலாம்.

பலகை | 06.06.2024, காலை 5.55

நேற்றுச் சொன்ன மூன்று கோட்டுப் படத்தைப் பற்றி மேலும் யோசித்தேன். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும், வங்கிக்காரருக்கும் பழக்கமான படம். ஆனால் உங்கள் தொழிலுக்கு அது நல்ல படம் இல்லை. 50-ம் 34-ம் பக்கம் பக்கமாக ஏறும் கோடுகள். வெட்டும் கோணம் மிகக் குறுகல். திரும்பி வருவதைச் சேர்த்தால் 47-ம் 34-ம், இன்னும் குறுகல். பென்சில் கொஞ்சம் தடித்தாலே வெட்டும் புள்ளி 300 பாக்கெட் இங்கே அங்கே போய்விடும்.

மாற்று: செலவையும் வரவையும் தனித்தனியாக வரையாதீர்கள். பாக்கெட்டுக்கு நிற்கும் காசை மட்டும் ஒரு கோடாக வரையுங்கள். செங்குத்து அச்சு 1 செ.மீ.க்கு 10,000. படுக்கைக் கோடு 6.4 செ.மீ. உயரத்தில். சாய்கோடு பூஜ்யத்திலிருந்து 8,000 பாக்கெட்டில் 10.4 செ.மீ. (8,000 × 13 = 1,04,000). இரண்டே கோடு. வெட்டும் இடம் பளிச்சென்று 9.85 செ.மீ.யில் விழும். திரும்பல் இல்லாத கனவுக் கோட்டையும் துண்டு துண்டாக வரைந்து, 12.8 செ.மீ.க்கு ஏற்றிக் காட்டலாம். இரண்டு சாய்கோட்டுக்கும் நடுவில் விரியும் ஆப்புதான் புளித்த மாவு தின்னும் பணம்.

நேற்றைய படம் வேண்டாம், இதை எடுத்துப் போங்கள்.

மேசை_விளக்கு | 06.06.2024, இரவு 8.20

இவ்வளவு அளவு எதற்கு? ஒரு நாப்கினில் வளைகோடு போட்டே அமெரிக்க வரிக் கொள்கையை மாற்றியிருக்கிறார்கள். எளிமையாக இருந்தால் போதாதா?

பலகை | 06.06.2024, இரவு 9.45

லாஃபர் வளைகோட்டைச் சொல்கிறீர்கள். 1974-ல் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் வெள்ளை மாளிகை அதிகாரிகள் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டும் டிக் செனியும் இருந்த மேசையில் பொருளியலாளர் ஆர்தர் லாஃபர் நாப்கினில் வரைந்தார் என்று எழுதியவர் பத்திரிகையாளர் ஜூட் வானிஸ்கி. அந்த உணவகத்தில் துணி நாப்கின், அதில் தான் கிறுக்கியிருப்பேனா என்று லாஃபரே பின்னாளில் சந்தேகம் தெரிவித்து எழுதியிருக்கிறார். கதை கிடக்கட்டும், படத்தைப் பாருங்கள். வரி 0 சதவீதம் என்றால் வருவாய் இல்லை, 100 சதவீதம் என்றாலும் இல்லை, நடுவில் எங்கோ உச்சி. உச்சி எந்த எண்ணில் என்று படத்தில் கிடையாது. நாம் இப்போது எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதும் கிடையாது. "வரியைக் குறைத்தால் வருவாய் கூடும்" என்பவரும் "குறையும்" என்பவரும் அதே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். பொருளியலாளர்கள் அந்த உச்சி எங்கே என்று இன்னும் வாதாடுகிறார்கள்.

எளிமை வேறு, எண் இல்லாமை வேறு. மேலே சொன்ன படத்தில் இரண்டே கோடு, நாப்கினில் வரையலாம். ஆனால் அச்சில் எண் இருக்கிறது, அதனால் பங்குதாரர் "தப்பு" என்று சொல்ல இடம் இருக்கிறது. தப்பு என்று சொல்ல இடமே தராத படத்தைக் காட்டிப் பணம் கேட்கக் கூடாது.

வங்கிக் கோப்பு | 07.06.2024, காலை 10.30

கடன் மேசைப் பக்கத்திலிருந்து சில குறிப்பு. படம் புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு மாற்று இல்லை, அதன் முதல் பக்கமாக வையுங்கள். மேலாளர் பார்த்துவிட்டு அவரே முடிவு சொல்வது குறைவு, கோப்பு மேலே போகும். போகும்போது ஜெராக்ஸ் எடுப்பார்கள். சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். வரவு முழுக்கோடு, செலவு துண்டு துண்டுக் கோடு, கடன் புள்ளிக்கோடு என்று போடுங்கள். கோட்டின் பெயரைக் கோட்டின் மேலேயே எழுதுங்கள். ஓரத்தில் தனிப் பெட்டி போட்டு நிற விளக்கம் கொடுத்தால் ஜெராக்ஸில் அது வெறும் பெட்டி.

இன்னொன்று, பிரேக் ஈவன் (வரவும் செலவும் சமமாகும் புள்ளி) மட்டும் போதாது. லாபம் இருந்தும் பணம் இல்லாமல் நிற்கும் கடைகள்தான் தவணை தவறுகின்றன.

பலகை | 07.06.2024, மாலை 7.10

மேலே வங்கிக் கோப்பு சொன்ன கடைசி வரிதான் இரண்டாவது படம்.

ஏ4 தாளைப் படுக்கையாக வைத்து நடுவில் ஒரு கோடு, நாட்கள். கோட்டுக்குக் கீழே பணம் வெளியே போவது, மேலே உள்ளே வருவது. அரிசி உளுந்து ரொக்கம்: நாள் 0, கீழ்நோக்கி அம்பு. அரைத்துக் கடையில் வைப்பது நாள் 1. கடை 15 நாள் கடன் என்றால் பணம் நாள் 16-ல், மேல்நோக்கி அம்பு. நடுவில் வெறுமையாகக் கிடக்கும் நீளம்தான் நீங்கள் கைக்காசு போட்டு நிரப்ப வேண்டியது. அந்த வெறுமைக்கு நிழல் போட்டுக் காட்டுங்கள்.

எவ்வளவு? மாதம் 5,000 அனுப்பினால் 15 நாளில் 2,500. அதன் செலவு 2,500 × 34 = 85,000. அரை மாத நிலைச் செலவு (64,000-ல் பாதி) 32,000. மொத்தம் 1,17,000. பலர் இங்கே விற்பனை விலையில் கணக்குப் போட்டு 1,25,000 என்று எழுதுவார்கள். அது வரவேண்டிய தொகை, உங்கள் கையிலிருந்து போன தொகை அதுவல்ல. எண் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் குழப்பம் யார் கண்ணிலும் படாது.

அரிசி மண்டியில் 7 நாள் கடன் வாங்கினால் கீழ்நோக்கிய அம்பு நாள் 7-க்கு நகரும். ஏழு நாளைக்கு 1,167 பாக்கெட், தலா 24, ஏறத்தாழ 28,000. தேவை 89,000-க்கு இறங்கும். அம்பை ரப்பரால் அழித்து நகர்த்திக் காட்டுங்கள், மேலாளருக்கு இரண்டாவது முறை விளக்க வேண்டியிருக்காது.

வங்கிக் கோப்பு | 07.06.2024, இரவு 9.02

இந்தப் படத்தால் இன்னொரு பயன். சிறு தொழிலுக்கு நடைமுறை மூலதனத்தை (அன்றாட ஓட்டத்துக்கான பணம்) விற்பனையை வைத்துக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு, ரிசர்வ் வங்கி அமைத்த குழுவின் பெயரால் நாயக் குழு முறை என்பார்கள். ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் தேவை, அதில் 20 வங்கி, 5 தொழில் செய்பவர் பங்கு. இவருக்கு மாதம் 2,35,000 வரவு, ஆண்டுக்கு 28,20,000. வங்கிப் பங்கு மட்டும் 5,64,000 வரும். ஆனால் அந்த 25 சதவீதம் போட்ட பணம் திரும்ப மூன்று மாதம் ஆகும் என்று வைத்துப் போட்ட கணக்கு. மாவுக்கு 16 நாள். கிடைக்கிறதே என்று முழுத் தொகையும் வாங்கி வேறு எதிலாவது போட்டால் வட்டி மட்டும் மிஞ்சும். நாள் கோட்டுப் படத்தை வைத்து எவ்வளவு தேவையோ அவ்வளவு கேட்பவர் மேல் எங்களுக்கு நம்பிக்கை கூடும்.

கணக்கர் | 08.06.2024, காலை 11.40

போட்டியாளர்களைக் காட்ட நான்கு கட்டப் படம் நல்லது என்று நினைக்கிறேன். பிசிஜி மேட்ரிக்ஸ் மாதிரி. வலது மேல் மூலையில் நட்சத்திரம், அங்கே நம் பிராண்ட்.

பலகை | 08.06.2024, மதியம் 3.30

முதலில் ஒரு திருத்தம். பாஸ்டன் கன்சல்டிங் குரூப் (பிசிஜி) என்ற ஆலோசனை நிறுவனத்தின் புரூஸ் ஹெண்டர்சன் 1970-ல் வெளியிட்ட அந்தப் படத்தில் நட்சத்திரம் (பங்கும் வளர்ச்சியும் அதிகமானது) இடது மேல் மூலையில். கிடை அச்சில் சந்தைப் பங்கு அதிகமானது இடப்பக்கம் வரும். அது வெறும் சந்தைப் பங்கும் இல்லை, மிகப்பெரிய போட்டியாளரின் பங்கோடு ஒப்பிட்ட விகிதம். 1.0-க்கு மேல் என்றால் நீங்கள்தான் முதலிடம். செங்குத்து அச்சில் சந்தை வளர்ச்சி, வழக்கமாக 10 சதவீதத்தில் கோடு. பல பிரிவுகள் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் எந்தப் பிரிவின் பணத்தை எடுத்து எதில் போடுவது என்ற ஒரு கேள்விக்காகப் பிறந்தது. ஒரே பொருள் விற்கும் மாவுக் கடைக்கு அதில் வேலையே இல்லை.

நான்கு கட்டம் என்ற உருவம் மட்டும் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். அச்சைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். விலை ஒரு அச்சு, தரம் ஒரு அச்சு என்று போட்டால் எல்லாப் புள்ளியும் மூலைவிட்டத்தில் வரிசையாக நிற்கும், விலை ஏற ஏறத் தரமும் ஏறுவதால். அங்கே இருப்பது உண்மையில் ஒரே அச்சு. ஒன்று மாறினாலும் மற்றது மாறாமல் நிற்கக்கூடிய இரண்டு வேண்டும். மாவுக்கு: எத்தனை மணி நேரம் முன்பு அரைத்தது என்பது ஒன்று, வீட்டு வாசலுக்கு வருமா கடைக்குப் போய் வாங்க வேண்டுமா என்பது இன்னொன்று. தெருமுனை கிரைண்டர் கடை, பெரிய பிராண்ட், அண்டை வீட்டு அம்மா அரைத்து விற்பது, வீட்டிலேயே அரைப்பது எல்லாவற்றையும் புள்ளியாக வையுங்கள். வீட்டில் அரைப்பதை மறந்தால் படம் பயனில்லை, உங்களுக்குப் பெரிய போட்டி அதுதான்.

பங்குதாரர் காலிக் கட்டத்தைப் பார்த்து "அட, இங்கே யாருமே இல்லையே" என்று குதிப்பார். விற்பவர் இல்லாததால் காலியா, வாங்குபவர் இல்லாததால் காலியா என்று படம் சொல்லாது. அந்தக் கட்டத்தில் வாங்குகிறேன் என்று சொன்ன வீடுகளின் எண்ணிக்கையை எழுத முடிந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் கேள்விக்குறி போடுங்கள்.

புள்ளிக்குப் பதில் விற்பனை அளவுக்கேற்ப வட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பனை இரட்டிப்பு என்பதற்காக விட்டத்தை இரட்டிப்பாக்காதீர்கள், பரப்பு நான்கு மடங்காகிவிடும். இரட்டிப்புக்கு விட்டம் 1.41 மடங்கு. நான்கு மடங்கு விற்பனைக்குத்தான் விட்டம் 2 மடங்கு.

புதுக்கடை | 09.06.2024, இரவு 8.15

கேன்வாஸை என்ன செய்வது? ஒன்பது கட்டத்தையும் நிரப்ப ஒரு வாரம் ஆச்சு.

பலகை | 09.06.2024, இரவு 9.20

வைத்திருங்கள், யாரிடமும் நீட்டாதீர்கள். அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டரின் அந்தத் தாள் நீங்கள் நாலு பேர் சேர்ந்து யோசிப்பதற்கு. வலப்பக்கம் வாடிக்கையாளர், இடப்பக்கம் நம் வேலை, அடியில் பணம் என்ற அமைப்பே எதை விட்டுவிட்டோம் என்று நமக்குக் காட்டத்தான். சுவரில் ஏ1 அளவில் ஒட்டி, ஒட்டுத்தாளில் எழுதி, வலப்பக்கத்திலிருந்து நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வகை வாடிக்கையாளருக்கும் ஒரு நிறம், மளிகைக் கடைக்கு மஞ்சள், டிபன் கடைக்கு நீலம். முடித்துப் பார்த்தால் நீலம் வரவுக் கட்டத்தில் இருக்கும், டெலிவரிக் கட்டத்தில் இருக்காது. டிபன் கடைக்கு விடிகாலை 4 மணிக்கு யார் கொண்டுபோவது என்று அப்போதுதான் கேட்கத் தோன்றும். அதோடு அதன் வேலை முடிந்தது.

அம்பு பற்றி. சரக்கு, பணம், தகவல் மூன்றுக்கும் ஒரே மாதிரி அம்பு போட்டால் கடைக்காரரிடமிருந்து உங்களுக்கு வரும் அம்பு பணமா, திரும்பிய மாவா என்று தெரியாது. டொயோட்டா பாணி ஓட்டப் படங்களில் சரக்குக்கு ஒரு அம்பு, தகவலுக்கு வேறு அம்பு. நீங்கள் சரக்குக்கு முழுக்கோடு, பணத்துக்குத் துண்டு துண்டுக் கோடு போடுங்கள். இவ்வளவுதான்.

மேசை_விளக்கு | 10.06.2024, காலை 9.00

பங்குதாரர் வெளியூரில் இருந்தால்? வாட்ஸப்பில்தானே அனுப்ப வேண்டும்?

பலகை | 10.06.2024, காலை 9.35

ஒரே படமாக அனுப்பாமல் நான்கு போட்டோவாக அனுப்புங்கள். அச்சு மட்டும், பிறகு படுக்கைக் கோடு, பிறகு சாய்கோடு, கடைசியில் வெட்டும் புள்ளி. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி. ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில், டியூப் லைட் தாளில் பளபளக்காத இடத்தில் எடுங்கள். பென்சில் கோடு போட்டோவில் மங்கும், கருப்பு ஜெல் பேனாவால் மேலே ஓட்டுங்கள். அனுப்பும் முன் உங்கள் போனில் பெரிதாக்காமல் பாருங்கள், எழுத்து படிக்க முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது எழுத்தைக் குறையுங்கள்.

நேரில் வெள்ளைப் பலகை என்றால் 10 அடி தூரத்துக்கு எழுத்து 1 அங்குல உயரம் வேண்டும். பெர்மனென்ட் மார்க்கரால் எழுதிவிட்டால் அதன் மேலேயே பலகை மார்க்கரால் கிறுக்கி ஈரம் காய்வதற்குள் துடையுங்கள், போய்விடும்.

பலகை | 11.06.2024, இரவு 10.15

இந்த இழையில் முக்கியமான ஒன்று இன்னும் பேசப்படவில்லை. படுக்கைக் கோடு கடைசிவரை படுக்கையாகவே போகாது. இப்போதுள்ள கிரைண்டரும் இரண்டு பேரும் எத்தனை பாக்கெட் வரை தாங்குவார்கள்?

புதுக்கடை | 12.06.2024, காலை 6.40

மாதம் 6,000 வரை. அதற்கு மேல் இன்னொரு ஆள், இன்னொரு கிரைண்டர் தவணை. மாதம் 18,000 கூடும்.

பலகை | 12.06.2024, காலை 8.05

அப்படியானால் படுக்கைக் கோடு 12 செ.மீ. இடத்தில் (6,000 பாக்கெட்) 6.4-லிருந்து 8.2 செ.மீ.க்குப் படியேறும். இப்போது சாய்கோட்டைப் பாருங்கள், அதே இடத்தில் அது 7.8 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. ஒரு நிமிடம் முன்பு செலவுக்கு மேலே இருந்த கோடு படிக்குக் கீழே போய்விட்டது.

எண்ணில்: 6,000 பாக்கெட்டில் மாதம் 14,000 லாபம். அடுத்த பாக்கெட்டிலேயே ஏறத்தாழ 4,000 நட்டம். மறுபடி வெட்டும் இடம் 6,308. பழைய 14,000-ஐத் தொட 7,385 வரை போக வேண்டும். 6,000-க்கும் 7,385-க்கும் நடுவில் ஆள் கூடும், வேலை கூடும், கடை கூடும், கையில் நிற்பது 6,000-ல் நின்றதைவிடக் குறைவு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடை பெரிதாக்கியதும் திணறுவதை எத்தனையோ ஊரில் பார்க்கலாம். முதலாளி சோம்பேறி ஆகிவிட்டார் என்று பேசுவார்கள். பல இடத்தில் காரணம் இந்தப் படிதான், யாரும் வரைந்து பார்க்காத படி.

பங்குதாரரிடம் பேச வேண்டியது இதை வைத்துத்தான். 6,000-ல் நிறுத்திக்கொள்வதா? நிறுத்தினால் அவர் போட்ட பணத்துக்கு 14,000 போதுமா? தாண்டுவதென்றால் 7,500-க்கு ஆர்டர் கையில் வந்தபின் தாண்டுவதா, முன்பேயா? 28 ஸ்லைடில் எதிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்காது.

கணக்கர் | 12.06.2024, மதியம் 12.50

படியை மழுப்ப முடியாதா? வார இறுதிக்கு மட்டும் பகுதிநேர ஆள்?

பலகை | 12.06.2024, இரவு 9.30

முடியும். பகுதிநேர ஆளுக்குப் பாக்கெட் கணக்கில் கூலி என்றால் அது படியில் சேராது, சாய்கோட்டில் சேரும். 6,000-க்கு மேல் பாக்கெட்டுக்கு 4 ரூபாய் கூலி என்று வையுங்கள். சாய்கோடு அந்த இடத்தில் உடைந்து, 13-க்குப் பதில் 9 வீதம் மெதுவாக ஏறும், ஆனால் கீழே விழாது. 7,000-ல் லாபம் 23,000. படி ஏறியிருந்தால் 9,000. இரண்டு வழியும் சமமாகும் இடம் 10,500. அதாவது 10,500 பாக்கெட்டுக்கு மேல் போகும் என்ற உறுதி வரும்வரை ஆளையும் கிரைண்டரையும் நிரந்தரமாக எடுக்காமல் இருப்பதுதான் லாபம். கிரைண்டர் அந்த நேரம் தாங்குமா, மின் இணைப்பின் லோடு தாங்குமா என்பதைப் படம் சொல்லாது, அதை எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

புதுக்கடை | 13.06.2024, காலை 7.20

தாளில் இரண்டு வழியையும் வரைந்துவிட்டேன். 10,500 தாளுக்கு வெளியே போகிறது.

பலகை | 13.06.2024, காலை 7.45

கிடை அச்சை 1 செ.மீ.க்கு 750 ஆக்குங்கள், 16 செ.மீ.யில் 12,000 வரை வரும். 6,000 என்பது 8 செ.மீ.யில், 10,500 என்பது 14-ல். செங்குத்து அச்சு அப்படியே இருக்கட்டும். பங்குதாரர் முன்னால் வரையும்போது படியை முதலில் போடுங்கள், அவர் அந்த விழும் இடத்தைப் பார்த்து ஏதாவது சொல்லட்டும், உடைந்த கோட்டை அதற்குப் பிறகு போடுங்கள். வரைந்த தாளைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், சரிவு சரியா என்று பார்க்கிறேன்.